பொன் கொதித்த குளம்

ஏழுபுளிக்குறிச்சியில் பொன் தண்ணீரோடு சண்டை போடத் தொடங்கியது ஓர் ஆனி மாதச் செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி சுமாருக்கு, பெண்கள் துறையில் பதினோரு பேர் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று முந்தின நாள் கல்யாணச் சாம்பாரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது. முதலில் சீறியது, பிறகு நுரைத்தது, பிறகு பதினோரு கழுத்திலும் பதினோரு தாலி எண்ணெய்ச் சட்டியில் போட்ட வடகம் மாதிரிப் பொரியத் தொடங்கியது. அதிலிருந்து கிளம்பிய நாற்றம் அழுகிய முட்டையையும் செத்த பெருச்சாளியையும் ஒரே சட்டியில் போட்டு அவித்த நாற்றம். அலறிக்கொண்டு கரையேறி, காய்ந்த சேலையால் ஒற்றி எடுத்ததும் பொன் அடங்கிவிட்டது. ஒவ்வொருத்தி கழுத்திலும் ஒரு சிவந்த வட்டம் மட்டும் மிச்சம். ஏன் இப்படி ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை, அந்த ஊரில் ஏன் என்று கேட்கிற பழக்கமே கிடையாது, யாரால் என்றுதான் கேட்பார்கள். அதையும் மூன்று நாள் கேட்டு, சண்டை போட்டு, அலுத்துப்போய்ச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி ஆவுடையம்மாள். ஊர் அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். இருபத்திரண்டு வருஷமாக இந்தச் சீறலைக் கேட்டுப் பழகிய காது அவளுக்கு. மண்ணெண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும் சோடியக் கட்டியை இடுக்கியால் எடுத்து, மிளகளவு நறுக்கி, வாத்தியாரிடம் கொடுப்பது அவள்தான். அது தொட்டித் தண்ணீரில் விழுந்து, வெறிபிடித்தாற்போல் அங்குமிங்கும் ஓடிக் கரைந்து, பிள்ளைகள் கைதட்டிக் கலைந்த பிறகு தொட்டியைக் கழுவிக் கவிழ்ப்பதும் அவள்தான். ஆகவே கழுத்தில் தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடம் போனாள், ஒரு மிளகுச் சோடியத்தை நறுக்கித் தொட்டியில் போட்டாள். சோடியம் ஓடவில்லை. தேய்ந்த சோப்புத் துண்டு மாதிரி மிதந்து, சுகமாகத் தூங்கிற்று.

ஆய்வகச் சுவரில் உலோகங்களின் அட்டவணை ஒன்று தொங்கியது. உச்சியில் பொட்டாசியமும் சோடியமும், தண்ணீரைக் கண்டாலே வெறிகொள்பவை. அதற்குக் கீழே கொதிநீருக்கும் நீராவிக்கும் மட்டும் அசைந்துகொடுப்பவை. அதற்கும் கீழே மெல்ல மெல்லத் துருப்பிடித்துச் சாகும் இரும்பு. அடியில் செம்பு, வெள்ளி, பொன், எத்தனை நூறு வருஷம் ஊறினாலும் சொரணையில்லாமல் கிடப்பவை. ஆவுடை அந்த அட்டையைக் கழற்றித் தலைகீழாக மாட்டினாள். ஒன்பதரை மணிக்கு வந்த வேதியியல் வாத்தியார், தினமும் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வருபவர், தலையைச் சாய்த்து அதைப் படித்துப் பார்த்தார். "பரீட்சைக்கு மட்டும் பழைய மாதிரியே எழுதுங்கப்பா" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார்.

ஊரும் அப்படித்தான், ஒரு வாரத்துக்குள் உலோகங்களைப் புதிதாகப் படித்துக்கொண்டுவிட்டது. பித்தளைக் குடத்தில் தண்ணீர் பிடித்தால் வெதுவெதுவென்று நுரை கட்டியது, ஆகவே குடங்கள் பரணுக்கு ஏறின. அலுமினியத் தவலையும் இரும்பு வாளியும் பூஜை அறை வரைக்கும் வந்து உட்கார்ந்தன. மழையில் நனைந்த பள்ளிக்கூட வாசற்கதவிலிருந்து துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, உள்ளே இரும்பு கண்ணாடி மாதிரி மின்னியது. வெள்ளி மெட்டி சோடா போலக் குமிழி விட்டது. மெட்டி வாய் திறந்த வளையம், உருவிவிடலாம், அதனால் உருவி வைத்துக் காலைக் கழுவிக்கொள்ள அனுமதி இருந்தது. இரண்டு பெண்கள் யாருக்கும் சொல்லாமல் குற்றாலத்துக்கு பஸ் ஏறிப் போய் அருவியில் தலையைக் கொடுத்தார்கள், அங்கேயும் தாலி வெடித்துச் சீற, பக்கத்தில் நின்ற கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிற்று. தண்ணீர் மாறவில்லை, ஊர்க்காரர்களின் உலோகம்தான் மாறிவிட்டது என்பது அதிலிருந்து தெரிந்தது. ஆண்களும் மோதிரத்தையும் மைனர் செயினையும் அரைஞாணையும் கழற்றினார்கள். அதற்காக யாரும் கூட்டம் போடவில்லை. கழற்றினார்கள், ஆணியில் மாட்டினார்கள், குளத்தில் குதித்தார்கள், அவ்வளவுதான்.

பெண்களின் சங்கதி வேறு. ஏழுபுளிக்குறிச்சித் தாலிக்குக் கொக்கி கிடையாது. மற்ற ஊர்களில் மஞ்சள் கயிறு, வருஷத்துக்கொரு தடவை மாற்றிக்கொள்வார்கள். இங்கே பொன் சங்கிலி, மாப்பிள்ளை அதைக் கழுத்தில் போட்டதும் ஆசாரி மணமேடை ஏறிவந்து, பெண்ணின் பிடரியில் ஈரத்துணியை வைத்து, ஊதுகுழலை வாயில் கவ்வி ஊதி, கடைசிக் கண்ணியைப் பற்றவைத்து மூடிவிடுவார். எங்கள் ஊர்ப் பெண்ணின் தாலி இறங்காது என்று அதைச் சொல்லிச் சொல்லியே அந்த ஊர் மீசையை முறுக்கும். அது ஒரே ஒரு தடவைதான் அறுபடும், புருஷன் செத்த பத்தாம் நாள், கோயில் பெட்டியில் இருக்கிற கத்திரியால். ஆகவே அறுத்தால் புருஷன் செத்தான் என்று அர்த்தம், அறுத்தால் புருஷன் சாவான் என்றும் அர்த்தம். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை ஊர் எந்தக் காலத்திலோ தொலைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பெரியநாயகி கோயில் மண்டபத்தில் கூட்டம் கூடியது. ஆண்கள் உள்ளே ஜமுக்காளத்தில், பெண்கள் வெளியே வெயிலில். ஊர்த் தலைவர் பலவேசம் அப்போதுதான் குளித்துவிட்டு, ஈரத் தலையில் துண்டைச் சுற்றி, நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏ தங்கச்சி ஆவுடை, நீ பள்ளிக்கூடத்துல இந்த மாதிரி சாமான்கூடத்தானே கெடக்க? தண்ணிய கண்டா சீறுத சாமானை அங்க எப்படி வச்சிருக்கிய?"

"மண்ணெண்ணெய்க்குள்ள முக்கி வச்சிருப்போம் அண்ணாச்சி. தண்ணி படக் கூடாது, காத்துல உள்ள ஈரங்கூடப் படக் கூடாதுல்லா."

"அப்ப தாலிய மண்ணெண்ணெய் போட்டு தொடச்சிக்கிட்டா நிக்குமா?"

"நிக்கும். ஆனா ஆசாரிய வச்சு ஒரு கொக்கி போடுத வரைக்கும், ஒரு ரெண்டு நாளைக்கு..."

அவளுடைய 'ஆனா'வை ஒருத்தரும் கேட்கவில்லை. தீர்ப்பு அதற்குள் பலவேசத்தின் வாயிலிருந்து இறங்கிவிட்டது. பெண்கள் தாலியை மண்ணெண்ணெய்த் துணியால் நாளைக்கு மூன்று வேளை துடைக்க வேண்டியது, முழங்காலுக்கு மேல் தண்ணீர் படக் கூடாது, குளிக்க வேண்டாம். எத்தனை நாளைக்கு என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். "எத்தனை நாளானா என்னவே? குளிக்காம எவளும் செத்ததா கேள்விப்பட்டிருக்கீரா? தாலி அறுந்தா சாவுதது நாமல்லா" என்றார் பலவேசம். ஈரத் தலைகள் எல்லாம் சேர்ந்து ஆடின. ஆவுடையின் புருஷன் வைத்திலிங்கத்தின் தலையும், நல்ல சந்தனச் சோப்பு வாசனையோடு, அதில் ஆடிற்று.

நம்ம வாயிலிருந்து வந்த வார்த்தைதானே என்று ஆவுடை அன்றைக்கே தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். ஆயிரம் வார்த்தை பேசுகிற வாய்க்கு அன்றைக்கு மண்ணெண்ணெய்தானா கிடைத்தது?

ஆனி போயிற்று, ஆடி போயிற்று, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, ஊர் பூராவும் ரேஷன் மண்ணெண்ணெய் நாற்றம். அதற்கு அடியில் இன்னொரு நாற்றம், முதலில் புளித்த மோர் மாதிரி, பிறகு ஊறப்போட்டு மறந்த துணி மாதிரி, பிறகு எதைப் போலவும் இல்லாமல் அது மாதிரியே. பெண்கள் சாம்பலைப் பூசி உதிர்த்தார்கள், கடலைமாவை உலர்மாவாகவே தேய்த்து உதிர்த்தார்கள், பவுடரைக் கொட்டினார்கள். அழுக்கு பவுடரோடு குழைந்து மடிப்பு மடிப்பாகக் கழுத்தில் உட்கார்ந்தது. வேர்வையும் தண்ணீர்தானே, அடுப்படியில் நின்றால் நெஞ்சுக்குழியில் தாலி உஸ்ஸென்று பொரியும், ஒரு கையால் தோசையைத் திருப்பிக்கொண்டே இன்னொரு கையால் துணியை எடுத்து ஒற்றிக்கொள்வார்கள். மேலத்தெருச் செண்பகம் தாலியைப் பாலிதீன் பையில் பொதிந்து நூலால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ரகசியமாக ஒரு வாளி வெந்நீர் ஊற்றிப் பார்த்தாள். ஆவி உள்ளே புகுந்து பை வெடித்து, மார்பில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்துபோயிற்று. அதற்கப்புறம் பெண்கள் வெந்நீர்ப் பானைக்குப் பக்கத்தில் போவதற்கும் தடை வந்தது. ஈரும் பேனும் பெருகின. காக்கைகள் பெண்கள் தலையைக் கொத்திப் பார்க்க ஆரம்பித்தன.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் ஆவுடையால் பொறுக்க முடியவில்லை. ஐப்பசி வாக்கில் ஊர் அந்த நாற்றத்துக்கு ஒரு பெயர் வைத்தது, பத்தினி வாசம் என்று. எவளிடம் அது தூக்கலாக இருக்கிறதோ அவள் உத்தமி. எவளிடம் குறைவாக இருக்கிறதோ அவள் எங்கேயோ குளித்திருக்கிறாள், அப்படியானால் எங்கேயோ கழற்றியிருக்கிறாள், அப்படியானால், தூ! மாமியார்கள் காலையில் எழுந்ததும் மருமகளின் பிடரியில் மூக்கை வைத்து இழுத்துப் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த வீட்டார் பெண்ணை விட்டுவிட்டு அவள் அம்மாவை மோந்தார்கள். பெண்களே ஒருத்தியை ஒருத்தி மோந்தார்கள், மோந்து சொன்னார்கள், சொல்லிச் சண்டை போட்டார்கள். ஒரு ஊரே நாய் மாதிரி அலைந்தது.

அப்படி வாசத்தைக் கும்பிட்ட ஆண்களில் ஒருத்தனாவது அதன் பக்கத்தில் படுத்தானா என்றால் அதுதான் இல்லை. தினமும் இரண்டு வேளை குளத்தில் துளைந்துவிட்டு வந்து, வாசற்படி தாண்டியதும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வைத்திலிங்கம் ஒருநாள் சாயங்காலம் தன் பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு முன்வாசல் தாழ்வாரத்துக்குப் போனார். "தப்பா எடுத்துக்கிடாத. ஒன் பக்கத்துல மூச்சு விட முடியல" என்றார்.

"குளிக்கக் கூடாதுன்னு தலைய ஆட்டுனது நீங்கதானே?"

"ஊரோட ஆட்டுனேன். நான் தனியாவா ஆட்டுனேன்?"

இருபத்தெட்டு வருஷம் ஒன்றாகச் சோறு தின்ற மனுஷன். அவர் தட்டைக் கழுவும்போது முதல் தடவையாக அதைத் தொடுவதற்கு ஆவுடைக்கு அருவருப்பாக இருந்தது.

கார்த்திகையில் அவளுடைய ஒரே மகள் வடிவுக்குப் பிரசவமாயிற்று. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்த பெண், மாப்பிள்ளை சங்கரபாண்டி, தெற்குத் தெரு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆண் குழந்தை பிறந்தது, தையல் போட்டார்கள். கழுவிவிட வந்த நர்ஸை மாமியார் வேலம்மாள் கட்டிலுக்குக் குறுக்கே நின்று மறித்தாள். பஞ்சில் மருந்தைத் தொட்டுத் துடைத்ததோடு சரி, மூன்றாம் நாள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். ஆறாம் நாள் வடிவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. ஆவுடை போர்வையை விலக்கினாள். இரத்தமும் பாலும் வேர்வையும் காய்ந்து அடை கட்டி, தையல் சீழ் பிடித்து, மண்ணெண்ணெய்க்கும் மேலே எழும்பி வந்த வாடையில் பெற்ற தாய்க்கே குடல் புரண்டது. புரண்டதை அவள் வாயை மூடி உள்ளேயே விழுங்கினாள், மகள் பார்த்துவிடக் கூடாதே என்று.

வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டரம்மா மருந்தை எழுதிவிட்டுச் சொன்னார்கள்: "மருந்து மட்டும் பத்தாது. தினமும் ரெண்டு வேளை வெதுவெதுப்பான தண்ணியில உட்கார வச்சு, உடம்பு பூராவும் நல்லா கழுவி விடணும். இல்லன்னா ரத்தத்துல சீழ் ஏறிரும். அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க."

"வெந்நின்னா ஆவி வருமே. தாலி சீறுமே" என்றாள் வேலம்மாள்.

"அறுத்துட்டுக் குளிப்பாட்டுங்கம்மா."

வேலம்மாள் ஐயோவென்று காதைப் பொத்தினாள். சங்கரபாண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தான், குளித்துத் தலைசீவி, மல்லு வேட்டி கட்டி, துண்டை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு. ஆவுடை அவனைப் பார்த்தாள். "மாப்பிள்ள, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல அத்தை. ஊரு என்ன சொல்லும்னுதான்..." துண்டுக்குள்ளிருந்து வந்த குரல் துண்டுக்குள்ளேயே போய்விட்டது. படுக்கையில் வடிவு தாலியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். "வேண்டாம்மா. அவுகளுக்கு ஏதாவது ஆயிட்டா? நான் தாங்கிக்கிடுவேன்." உதடு வெடித்து, கண் சொருகி, அந்தக் காய்ச்சலிலும் அவள் பயந்தது அவனுக்காக.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பலவேசம் அண்ணாச்சியின் காலில் விழுந்தாவது உத்தரவு வாங்கிவிடலாம், ஊர் சரியென்றால் வடிவும் சரியென்பாள் என்று ஆவுடை கோயிலுக்கு ஓடினாள். பள்ளிக்கூடத்துப் பை தோளிலேயே தொங்கியது. பெரியநாயகிக்கு அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது, தலைவரும் நாலைந்து பெரிய மனிதர்களும் முன்வரிசையில் கைகட்டி நின்றார்கள், பெண்களை நாற்றத்துக்காகக் கொடிமரத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்தியிருந்தார்கள். ஆவுடை நிற்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு கருவறைப் படி வரைக்கும் போனாள். அவள் வாடைக்கே எல்லாரும் வழி விட்டார்கள், அந்த ஒரு சௌகரியம் அதில் இருந்தது.

பூசாரி அம்மனின் பிடரிக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனார். க்ளிக்கென்று ஒரு சின்னச் சத்தம். பெரியநாயகியின் பொன் தாலி கழன்று அவர் கையோடு வந்தது. அதைத் தாம்பாளத்தில் வைத்து, பட்டுத்துணி போட்டு மூடிவிட்டு, அம்மனின் தலையில் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினார், பிறகு பால், பிறகு மஞ்சள் தண்ணீர், பிறகு மறுபடியும் தண்ணீர். கறுத்த கல் உடம்பு நனைந்து நனைந்து பளபளத்தது. ஆறு மாதத்தில் அந்த ஊரில் குளித்த ஒரே சுமங்கலி அவள்தான்.

"அண்ணாச்சி, அம்மன் தாலிக்குக் கொக்கி உண்டா?" என்றாள் ஆவுடை.

பலவேசம் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு சொன்னார், "எப்பவும் உள்ளதுதான். அபிஷேகம் பண்ண வேண்டாமா? அலங்காரம் மாத்த வேண்டாமா?"

"அவளுக்குக் கழத்தலாம், எம் மகளுக்கு அறுக்கக் கூடாதா? அங்க பச்சை உடம்புக்காரி சீழ் பிடிச்சு கெடக்கா."

"ஏ பிள்ள, என்ன பேச்சு பேசுத? அவ தெய்வம். அவ புருஷன் சாவ மாட்டான்."

"அப்ப நம்மூரு ஆம்பளைய மட்டும் ஒரு சங்கிலியில தொங்கிக்கிட்டா உசிரோட இருக்கிய?"

பூசாரி கையில் குடம் அப்படியே நின்றது. எல்லாத் துண்டுகளும் எல்லா மூக்கிலும் இருந்தன, அந்தத் துண்டுகளுக்கு மேலே தெரிந்த கண்களில் கோபம்கூட இல்லை, எப்போது இவள் அந்தண்டை போவாள் என்கிற அசூசை மட்டும்தான் இருந்தது. ஆவுடை அத்தனை பேரையும் ஒரு தடவை பார்த்தாள். இவர்களிடமா உத்தரவு கேட்க வந்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே குமட்டியது. பிரகாரத்தில் காறித் துப்பக் கூடாது என்பதற்காக வெளியே வந்து துப்பினாள்.

அங்கிருந்து நேராக ஆண்கள் துறைக்குப் போனாள். ஊரே பின்னால் வந்தது. வைத்திலிங்கம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார், சோப்பு நுரை தோளில் வழிந்தது. ஆவுடை பைக்குள் கைவிட்டு ஆய்வகத்துக் கட்டிங் பிளேயரை எடுத்தாள்.

"ஏங்க, இங்க பாருங்க" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பிப் பார்த்தார். அவர் பார்க்கும்போதே சங்கிலியைப் பிளேயரின் வாயில் வைத்து அழுத்தினாள். இருபத்தெட்டு வருஷத்துப் பொன், வெண்டைக்காய்க் காம்பு மாதிரி நறுக்கென்று போயிற்று. அதைச் சுற்றிக் குளத்துக்குள் எறிந்தாள்.

பொன் தண்ணீரில் விழுந்ததும் ஊளையிட்டது. மஞ்சள் தீயாய்ப் பற்றி, நுரையைக் கக்கிக்கொண்டு, குளத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடிற்று, திரும்பி ஓடிவந்தது, ஆண்கள் வேட்டியை விட்டுவிட்டுக் கரையேறினார்கள், சிலர் வேட்டியோடு விழுந்து எழுந்தார்கள். ஆறு மாதமாகக் கழுத்துகளில் அடங்கிக் கிடந்த நாற்றமெல்லாம் ஒன்றாகக் கிளம்பியதுபோல ஒரு நாற்றம் ஊரை மூடி, பெரிய மனிதர்கள் மூன்று பேர் படிக்கட்டிலேயே வாந்தி எடுத்தார்கள். தாலி சுற்றிச் சுற்றிச் சிறுத்து, குன்றிமணி அளவாகி, ஒரு பொறியாகி, டப்பென்று வெடித்து, இல்லாமல் போயிற்று.

இப்போது அத்தனை பேரும் வைத்திலிங்கத்தைப் பார்த்தார்கள். அவரும் குனிந்து தன்னைத்தானே பார்த்துக்கொண்டார். பலவேசம் இறங்கிவந்து நாடியைப் பிடித்தார். துடித்தது. எதற்கும் படுக்கவைத்துப் பார்க்கலாம் என்று புளியமரத்தடியில் துண்டை விரித்து அவரைப் படுக்கப்போட்டு, தெற்கே தலைவைத்து, சுற்றிலும் உட்கார்ந்தார்கள். ஒருத்தர் துளசித் தண்ணீர்கூடக் கொண்டுவந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. இத்தனை பேரைக் காக்கவைக்கிறோமே என்று வைத்திலிங்கத்துக்குச் சங்கடமாக இருந்தது, மூச்சைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கூடப் பார்த்தார், ஆனால் அவர் உடம்பு ஒத்துழைக்கவில்லை. கடைசியில் அவர் தயங்கித் தயங்கி, "அண்ணாச்சி, பசிக்கு" என்றார்.

ஆவுடை அதுவரைக்கும் படியில் உட்கார்ந்திருந்தாள். யாரோ ஓடிப்போய் இட்லிப் பாத்திரத்தைத் தூக்கிவர, அவர் தின்பதைப் பார்த்த பிறகுதான் எழுந்து தெற்குத் தெருவுக்கு நடந்தாள். வேலம்மாள் வழியை மறிக்கவில்லை, ஏனென்றால் அவளும் குளக்கரையிலிருந்துதான் மூச்சு வாங்க ஓடிவந்திருந்தாள். வடிவு அம்மாவின் வெறும் கழுத்தைப் பார்த்ததும் அழத் தொடங்கினாள்.

"எம்மா, அப்பா?"

"இட்லி திங்காரு. ஏழாவது இட்லி."

"நெசமாவா?"

"வேணும்னா ஒன் மாமியாரைக் கேளு."

வேலம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து, "ரெண்டு சட்னி வேற" என்றாள். வடிவு நெடுநேரம் உள்ளங்கையைத் திறக்கவில்லை. பிறகு ஒரு விரல் ஒரு விரலாகத் திறந்தாள், தலையைச் சாய்த்துக் கழுத்தைக் காட்டினாள். அவளுடைய தாலியை ஆவுடை குளத்தில் எறியவில்லை, மண்ணெண்ணெய்ச் சீசாவுக்குள் போட்டு மூடி, மகளின் பெயரை எழுதி ஒட்டினாள். பிறகு அடுப்பில் பெரிய இரும்பு அண்டாவை ஏற்றினாள்.

முதல் சொம்புத் தண்ணீர் தோளில் விழுந்தபோது வடிவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. பழுப்பாக இறங்கியது, கறுப்பாக இறங்கியது, சீழும் சாம்பலும் பவுடரும் மண்ணெண்ணெயும் செதில் செதிலாக இறங்கிச் சாக்கடை வழியே போயிற்று, ஆவுடை முகம் சுளிக்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தாள், மூன்றாவது அண்டாவில்தான் தண்ணீர் தண்ணீராகவே இறங்கியது. வேலம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மருமகளின் முதுகைத் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே, "அந்தக் குறடை எனக்கும் ஒருக்கா தாங்க மதினி" என்று மெல்லக் கேட்டாள். நாலு நாளில் காய்ச்சல் விட்டது. கட்டிங் பிளேயர் அதற்குள் தெற்குத் தெருவைத் தாண்டி மேலத்தெருவுக்குப் போயிருந்தது, செண்பகம் வீட்டில் கடைசியாகப் பார்த்ததாகச் சொன்னார்கள், பள்ளிக்கூடத்துக்கு அது திரும்பி வரவே இல்லை. புருஷன்மார் ஒருத்தரும் சாகவில்லை. ஜலதோஷம்கூட இல்லை.

இதை ஊர் எப்படித் தாங்கிக்கொண்டது என்றால், மறுபடியும் மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டுத்தான். தாலி கரைந்த குளம், அதில் பெண்கள் வேறு மொத்தமாக இறங்கி ஆறு மாத அழுக்கைக் கழுவிய குளம், மகா தீட்டு. பரிகாரம் என்னவென்று தெரிகிறவரைக்கும் மானமுள்ள ஆண் எவனும் அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது, அதே ஊற்றுத்தான் கிணறுகளுக்கும் என்பதால் கிணற்றுத் தண்ணீரும் குளிக்க ஆகாது என்று பலவேசம் தீர்ப்புச் சொன்னார். எத்தனை நாளைக்கு என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. எல்லாத் தலைகளும் ஆடின.

மார்கழி போயிற்று, தை போயிற்று. மாசி மாத வெயில் ஏறிய ஒரு சாயங்காலம், ஆவுடை தலைக்குக் குளித்துவிட்டு, ஈரக் கூந்தலின் நுனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, மகள் கொண்டுவந்துவிட்ட பேரனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் கழுத்தில் மூக்கைப் புதைத்துத் தூங்கியது. முன்வாசல் கதவு தட்டப்பட்டது. தட்டுவதற்கு முன்னாலேயே யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, காற்று சொல்லியது. வைத்திலிங்கம் தாழ்வாரத்துப் பாயையும் தலையணையையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அக்குளில், வேட்டி ஓரத்தில் எல்லாம் உப்புப் பூத்து, தலைமயிர் சடை விழுந்து, மேலே ஈ மொய்த்தது.

"வெளிய கொசுக்கடி தாங்கல ஆவுடை. உள்ள படுத்துக்கிடட்டுமா?"

"குளிச்சிட்டு வாங்க."

"தீட்டுத் தண்ணில எப்படிக் குளிக்க? ஊரு ஒத்துக்கிடாதுல்லா."

ஆவுடை உள்ளே போனாள். பழைய மண்ணெண்ணெய்த் துணி இன்னும் அடுப்படி ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு வந்து, அவர் கையில் போட்டாள்.

"நாளைக்கு மூணு வேளை தொடச்சிக்கிடுங்க" என்றாள். பிறகு பேரன் முழித்துவிடாமல் கதவை மெதுவாகச் சாத்தினாள்.